பஸ்ஸும் ஏபிஐயும்: வாசகர் கேள்விகள்

அரசாங்கம் திறந்து விட்டிருக்கற தரவை வச்சு வீட்டுலயே சின்னச் சின்ன புரோகிராம் எழுதலாம்னு போன இதழ்ல போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா நம்ம ஊர்ல பாதி பேர் வீட்டுல ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் ஓடுது போல. கேள்வி பலவிதம், அடியில இருக்கறது ஒண்ணுதான்: லைப்ரரி (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம்) போட்டேன், ஓடல, தப்பு எங்க? அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். ஃபோன் பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு எழுதினவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேள்வி: அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சு, பஸ் எப்ப வரும்னு தெரியாம ஸ்டாப்புல போய் உக்காந்துடறார். வாசல் பக்கத்துல ஒரு ஸ்கிரீன் மாட்டி, பிளாக்குக்கு கீழ இருக்கற ஸ்டாப்புல அடுத்த பஸ் எத்தன நிமிஷத்துலன்னு காட்டலாம்னு நினைச்சேன். நெட்டுல ஒரு பைத்தான் லைப்ரரி கெடைச்சுது, சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் எல்டிஏவோட தரவுத் தளமான டேட்டாமால்ல கீ (அனுமதிக் குறியீடு) வாங்கிப் போட்டேன், எப்பக் கேட்டாலும் 404தான் வருது. கீ தப்பா, லைப்ரரி தப்பா, இல்ல சர்வரே படுத்துடுச்சா? – ஈசூன் வாசகர்

பதில்: கீ தப்பா இருந்தா பொதுவா 401 வரும், சர்வர் படுத்துட்டா 500லயோ 503லயோ ஏதாவது வரும். 404ன்னா நீங்க தட்டின கதவே அங்க இல்லன்னு அர்த்தம். அதனால மொத சந்தேகம் லைப்ரரி மேலதான். அது எல்டிஏ எழுதினது இல்ல, யாரோ ஒரு புண்ணியவான் தனக்காக எழுதி எல்லாருக்கும் போட்டு வச்சது, கடைசியா எப்ப அப்டேட் பண்ணாருன்னு போய்ப் பாருங்க. பஸ் வர்ற நேரம் சொல்ற ஏபிஐ, அதாவது நம்ம புரோகிராம் போய்க் கேட்டா சர்வர் தரவு குடுக்கற வாசல், இப்ப மூணாவது வெர்ஷன்ல இருக்கு, முகவரியிலயே 'வி3'ன்னு இருக்கும். லைப்ரரியோட சோர்ஸைத் திறந்து அது எந்த முகவரிக்குப் போவுதுன்னு தேடுங்க, பழைய வெர்ஷன் முகவரி இருந்துச்சுன்னா கேஸ் முடிஞ்சுது.

ஆனா இத அங்கயே விட்டுடாதீங்க. எந்த லைப்ரரியா இருந்தாலும் அத போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அது இல்லாம ஏபிஐகிட்ட நேரா கேட்டுப் பார்த்துடணும்னு நான் பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன். டெர்மினல்ல கர்ல்ங்கற கட்டளையப் போட்டு, ஹெடர்ல (வேண்டுகோளோட தலைப்புப் பகுதியில) 'அக்கவுண்ட்கீ'ன்னு கீயைக் குடுத்து, அஞ்சு இலக்க பஸ் ஸ்டாப் நம்பரை சேர்த்து அடிச்சா ஜேசான்ங்கற எழுத்து வடிவத்துல பதில் வந்து விழும். அந்தப் பதிலை மேலருந்து கீழ வரைக்கும் படிங்க. ஒவ்வொரு பஸ் நம்பருக்கும் அடுத்து வர்ற மூணு பஸ் வரைக்கும் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் வர்ற நேரம், உக்கார எடம் இருக்கா இல்ல நிக்கத்தான் எடமான்னு ஒரு குறி, ஒத்த மாடியா ரெட்டை மாடியா நீள பஸ்ஸான்னு ஒரு குறி, சக்கர நாற்காலி ஏறுமான்னு கூட இருக்கும். அப்பாவுக்கு முட்டி வலின்னா எடம் இருக்கான்னு காட்டற அந்தக் குறி நிமிஷத்த விட முக்கியம்.

இன்னொண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'மானிட்டர்ட்'னு ஒரு ஃபீல்டு, 1னு இருந்தா பஸ் இப்ப எங்க இருக்குன்னு பார்த்துக் கணக்குப் போட்ட நேரம், 0ன்னு இருந்தா வெறும் கால அட்டவணைய வச்சு சொல்றது. ரெண்டு நிமிஷம்னு காட்டிட்டு பஸ்ஸே வராம போவுதேன்னு நாம ஸ்டாப்புல நின்னு திட்டறோமே, அதுல சிலதுக்கு விளக்கம் இங்க இருக்கலாம். 0ன்னா ஸ்கிரீன்ல அந்த நேரத்த சாம்பல் கலர்ல போடுங்க, அப்பா புரிஞ்சுப்பார். அந்த ஃபீல்டு தெரியாத காலத்துல எழுதின லைப்ரரி இத உங்க கையில குடுக்காது, நேராப் பார்க்கலன்னா இப்படி ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது.

ரெண்டு இடத்துல கால் இடறும், இப்பவே சொல்லிடறேன். ராத்திரி கடைசி பஸ் நேரத்துல ரெண்டாவது மூணாவது பஸ்ஸுக்கு நேரமே இருக்காது, வெத்து ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) வரும், அத அப்படியே நேரமா மாத்தப் போனா புரோகிராம் விழுந்துடும், காலையில அப்பா எழுந்து பார்த்தா கருப்பு ஸ்கிரீன். அப்புறம் நேரத்தோட கடைசியில +08:00ன்னு ஒரு வால் இருக்கும், தொல்லையா இருக்கேன்னு அத வெட்டிடாதீங்க, உங்க ராஸ்பெரி பை யுடிசில (சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னால இருக்கற உலகப் பொது நேரத்துல) ஓடிட்டு இருந்துச்சுன்னா இந்தா வந்துட்ட பஸ்ஸ 480 நிமிஷம் கழிச்சு வரும்னு சொல்லும்.

இவ்வளவு சின்ன வேலைக்கு தனி லைப்ரரி வேணுமான்னா, என்னைக் கேட்டா வேணாம். எந்த ஏபிஐகிட்டயும் பேச உதவற ரிக்வெஸ்ட்ஸ்ங்கற பொதுவான பைத்தான் லைப்ரரியே போதும், பத்துப் பன்னெண்டு வரியில முடிஞ்சுடும்.

கேள்வி: அண்ணே, பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம் படிக்கறேன். புராஜெக்ட்டுக்கு எல்லா பஸ் ஸ்டாப்பையும் டேட்டாமால்லருந்து எடுத்தேன், சரியா 500தான் வருது, எங்க வீட்டு ஸ்டாப்பே அதுல இல்ல. டீம்ல எல்லாரும் சிரிக்கறாங்க. – ஜூரோங் வெஸ்ட் மாணவர்

பதில்: தம்பி, சிங்கப்பூர்ல பஸ் ஸ்டாப் 5,000க்கு மேல இருக்கு. சரியா 500, சரியா 100ன்னு முழு எண்ணா ஒரு பதில் வந்தாலே அது மொத பக்கம்தானோன்னு சந்தேகப்படணும். டேட்டாமால் ஒரு தடவைக்கு 500தான் குடுக்கும், அடுத்தது வேணும்னா முகவரியோட கடைசியில டாலர் குறி போட்டு ஸ்கிப் 500, அப்புறம் 1000, அப்புறம் 1500னு கேட்டுக்கிட்டே போவணும், வெத்துப் பட்டியல் வந்ததும் நிறுத்திக்கலாம். நல்ல லைப்ரரின்னா இந்தப் பக்கம் புரட்டற வேலைய அதுவே பார்த்துக்கும். உன்னோடது பார்க்கல, பார்க்கலங்கறதயும் உன்கிட்ட சொல்லல.

ஸ்டாப் நம்பர எண்ணா சேமிக்காத, ஸ்டிரிங்கா வச்சுக்க. விக்டோரியா ஸ்திரீட்ல 01012னு ஒரு ஸ்டாப் இருக்கு, எண்ணா மாத்துனா முன்னால இருக்கற 0 காணாம போயி 1012னு ஆயிடும், அப்படி ஒரு ஸ்டாப் இந்த ஊர்லயே கெடையாது.

கேள்வி: மழை வரப்போவுதுன்னா ஜன்னல் வெளியில இருக்கற துணிக்கம்ப உள்ள இழுக்கச் சொல்லி ஃபோனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி என் பையன் செஞ்சு குடுத்தான். அரசாங்கத் தரவுத் தளம் டேட்டா.கவ்.எஸ்ஜில இருக்கற ரெண்டு மணி நேர வானிலை முன்னறிவிப்ப ஒவ்வொரு செகண்டும் கேக்குதாம். இப்ப 429னு வந்து நின்னுடுது, சில நாள் எரரே இல்லாம சும்மா அப்படியே உறைஞ்சு போய் நிக்குது. – சுவா சூ காங் வாசகி

பதில்: அக்கா, பையனுக்கு ஒரு சபாஷ், ஆனா செகண்டுக்கு ஒரு தடவையா? அந்த முன்னறிவிப்பே அரை மணிக்கு ஒரு தடவைதான் மாறும். லிஃப்ட் பட்டன திரும்பத் திரும்ப அமுக்கறவங்க மாதிரிதான் இது, லிஃப்ட் அதனால சீக்கிரம் வர்றதில்ல. 429ன்னா 'ரொம்ப அதிகமா கேக்கற, கொஞ்சம் பொறு'ன்னு சர்வர் சொல்றது. பதிலோட ஹெடர்ல எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு சில சமயம் சேர்த்தே சொல்லும், இருந்தா அத மதிக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாலே துணி நனையாது.

உறைஞ்சு போறதுக்குக் காரணம் வேற, நிறையப் பேருக்குத் தெரியாது. பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ்ல டைம்அவுட்னு நாமளா ஒரு கணக்கு குடுக்கலன்னா அது பதிலுக்காக எத்தன நேரம் வேணாலும் காத்துக்கிட்டே இருக்கும். நடுவுல லைன் அறுந்துட்டாலும் அதுக்குத் தெரியாம போவலாம், எரரும் வராது, மெசேஜும் வராது, மழை மட்டும் வரும். டைம்அவுட் 10 செகண்டுன்னு சேர்க்கச் சொல்லுங்க, ஒரு சொல்லும் ஒரு எண்ணும்தான்.

கேள்வி: சிராங்கூன் ரோடு பக்கம் பூக்கடை வச்சிருக்கோம். ஆன்லைன்ல மாலை ஆர்டர் எடுக்க அண்ணன் பையன் வெப்சைட் செஞ்சு குடுத்தான், கார்டு பேமெண்ட் பகுதியக்கூட லைப்ரரி இல்லாம அவனே எழுதினான், அதுல பெருமை வேற. தீபாவளி வாரத்துல ரெண்டு மூணு கஸ்டமருக்கு ஒரே மாலைக்கு ரெண்டு தடவை காசு எடுத்துடுச்சு. லைப்ரரி போட்டா இது நிக்குமா? – பூக்கடைக்காரர்

பதில்: பஸ் ஸ்கிரீனுக்கு லைப்ரரி வேணாம்னு மேல சொன்ன அதே வாயால சொல்றேன், காசு விஷயத்துல பேமெண்ட் கம்பெனி தானே வெளியிடற லைப்ரரிய கண்டிப்பா போடுங்க. பஸ் நேரத்த ரெண்டு தடவை கேட்டா யாருக்கும் நஷ்டமில்ல, காச ரெண்டு தடவை எடுத்தா கஸ்டமர் உங்க கடை வாசல்ல வந்து நிப்பார்.

என்ன நடந்திருக்கும்னா, தம்பி எழுதின கோடு (புரோகிராம்) 'இந்தக் கார்டுலருந்து காசு எடு'ன்னு கேட்டிருக்கும், அந்தப் பக்கம் காசும் எடுத்தாச்சு, ஆனா பதில் திரும்பி வர்றதுக்குள்ள கனெக்ஷன் அறுந்திருக்கும். இங்க இருக்கறவனுக்கு எடுத்தாச்சா இல்லியான்னு தெரியாது, கோடு என்ன பண்ணுச்சு, மறுபடியும் கேட்டுச்சு. எல்டிஏ மாதிரி இடத்துல மறுபடியும் கேக்கறதுதான் சரியான வைத்தியம், இங்க அதுதான் வியாதியே.

இதுக்காகவே ஸ்ட்ரைப் மாதிரி பேமெண்ட் கம்பெனிகள் 'ஐடெம்பொட்டன்சி கீ'ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனித்துவமா ஒரு குறியீடு சேர்த்து அனுப்பணும், அதே குறியீட்டோட ரெண்டாவது தடவை வந்தா சர்வர் புதுசா காசு எடுக்காது, மொத தடவை சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும். ஸ்ட்ரைப்ல அந்தக் குறியீட்ட குறைஞ்சது 24 மணி நேரமாவது ஞாபகம் வச்சுக்குவாங்க, அவங்க லைப்ரரில தானா மறுமுயற்சி பண்ற வசதிய ஆன் பண்ணா குறியீட்டயும் அதுவே போட்டுக்கும்.

ஆனா லைப்ரரி போட்டதும் எல்லாம் நின்னுடும்னு நினைக்காதீங்க. கஸ்டமர் பொறுமையில்லாம 'பே' பட்டன ரெண்டு தடவை தட்டினா அது ரெண்டு தனித் தனி வேண்டுகோள், லைப்ரரி ரெண்டுக்கும் வேற வேற குறியீடுதான் போடும். அதனால ஆர்டர் நம்பரையே குறியீடா வைக்கச் சொல்லுங்க, ஒரு ஆர்டருக்கு ஒரு தடவைதான் காசுன்னு ஆயிடும். அப்புறம் தொகைய சென்ட்ல எழுதணும், 25 வெள்ளி மாலைக்கு 2500. தம்பி 25ன்னு எழுதினா அது கால் வெள்ளின்னுதான் அர்த்தம், லைப்ரரி அதத் தானா திருத்தாது.

கேள்வி: கீ இருந்த ஃபைல தெரியாம கிட்ஹப்ல (கோடு பகிர்ந்து வைக்கற தளத்துல) போட்டுட்டேன், உடனே அழிச்சுட்டேன். இனி பிரச்சினை இல்லைதானே? – பிடோக் வாசகர்

பதில்: இருக்கு. அழிச்ச ஃபைல் ஹிஸ்டரில அப்படியே உக்காந்திருக்கும், பப்ளிக்கா இருக்கற கோடுல கீ தேடறதுக்குன்னே ஆட்டோமேட்டிக்கா ஓடற புரோகிராம்கள் நிறைய இருக்கு. பழைய கீய ரத்து பண்ணிட்டு புதுசு வாங்குங்க. புதுச கோடுக்கு வெளியில தனி ஃபைல்ல வச்சு, கிட் அதக் கண்டுக்காத மாதிரி கிட்இக்னோர்ல அதோட பேர சேருங்க.

கேள்வி: கோயில் தொண்டூழியர் குரூப்புக்கு டெலிகிராம் பாட் (மெசேஜுக்கு தானா பதில் சொல்ற புரோகிராம்) செய்யறேன். யூடியூப் வீடியோல இருக்கறத எழுத்துக்கு எழுத்து அடிச்சேன், 'யூஸ் கான்டெக்ஸ்ட்'னு ஒண்ணு புரியலன்னு எரர் வருது. வீடியோல மட்டும் ஓடுது. – தெம்பனிஸ் வாசகி

பதில்: வீடியோ தேதியப் பாருங்க, 2023க்கு முன்னாடியா இருக்கும். பைத்தான் டெலிகிராம் பாட் லைப்ரரியோட 20ஆம் வெர்ஷன் 2023 ஆரம்பத்துல வந்துச்சு, அதுல எல்லாத்தையும் அசிங்க் முறைக்கு (ஒரு வேலை முடியக் காத்திருக்காம அடுத்தத பார்க்கற முறைக்கு) மாத்திட்டாங்க, பழைய மாதிரி எழுதினது ஓடாது. டெலிகிராமோட ஏபிஐ பக்கம் ஒரு கோளாறும் இல்ல, லைப்ரரிதான் மாறிப்போச்சு. வீடியோபடியே முடிக்கணும்னா 13.15னு வெர்ஷன் நம்பர் குடுத்து இன்ஸ்டால் பண்ணுங்க. குரூப் வருஷக்கணக்கா ஓடணும்னா லைப்ரரியோட சொந்த உதாரணங்கள்லருந்து புதுசா எழுதுங்க, பாட் சின்னதா இருந்தா ஒரு சாயங்கால வேலைதான். ரெண்டுல எதுவானாலும் எந்தெந்த லைப்ரரி வேணும்னு எழுதி வைக்கற ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல வெர்ஷன் நம்பரப் பூட்டி வைங்க. அடுத்து 409னு ஒண்ணு வந்து பயமுறுத்தலாம், அது அதே பாட் ரெண்டு இடத்துல ஓடறப்ப வர்றது, லேப்டாப்புல ஓடறத நிறுத்திட்டு சர்வர்ல மட்டும் விடுங்க.