கப்பல் பயணத்தில் ‘ஃபார்மல் நைட்’ அன்று என்ன உடுத்துவது? பட்டுப்புடவை போதுமா?

கேள்வி இதுதான்: மும்பை செம்பூரில் இருக்கும் தம்பதி, அடுத்த ஆண்டு பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இரண்டு மாலைகளுக்கு ‘ஃபார்மல் நைட்’ என்று போட்டிருக்கிறது. கணவருக்குப் புதிதாக கோட் சூட் தைக்க வேண்டுமா, மனைவிக்கு கவுன் வாங்க வேண்டுமா, பட்டுப்புடவை போதுமா என்று கேட்டிருக்கிறார் மனைவி.

கவுன் வேண்டாம் அம்மா. தெரிந்தவர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு நீங்கள் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவீர்களோ, அதுவே கப்பலுக்கும் போதும். உங்கள் கணவருக்கும் அநேகமாகப் புதிதாக எதுவும் தைக்க வேண்டியிராது. இருபத்திரண்டாயிரம் ரூபாய் கட்டணம் கட்டிப் படித்த பாடம் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மாட்டுங்காவில் இருக்கிறோம். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம் போனோம். அதில் ஒரே ஒரு ஃபார்மல் நைட். அந்த ஒரு இரவுக்காக தாதரில் ஒரு கடையில் மூன்று உருப்படி கொண்ட கம்பளி சூட் தைத்துக்கொண்டார். அதன் விலைதான் மேலே சொன்ன தொகை. சாப்பாட்டு மேசையில் சூப் வருவதற்குள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டார். ஊர் திரும்பியதும் அது பீரோவுக்குள் போனது. மும்பை மழைக்காலம் உங்களுக்குத் தெரியாததா? செப்டம்பரில் எடுத்துப் பார்த்தபோது காலரில் பூஞ்சை பூத்திருந்தது. எங்கள் வீட்டிலேயே அதிகச் செலவில் வளர்ந்த பயிர் அதுதான்.

ஃபார்மல் நைட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் முழு நாளும் கடலில் ஓடும் நாளில்தான் அதை வைப்பார்கள். அன்று யாரும் ஊர் சுற்றிக் களைத்து வருவதில்லை, உடுத்திக்கொள்ள நேரம் இருக்கும். கேப்டன் வந்து வரவேற்பார், படிக்கட்டருகே புகைப்படக்காரர்கள் திரையை விரித்து நிற்பார்கள். படம் எடுப்பது இலவசம், வாங்குவதுதான் விலை. விதி முக்கியமாகப் பெரிய உணவுக்கூடத்துக்குத்தான். மேல்தளத்தில் பஃபே வழக்கம்போலத் திறந்திருக்கும், அங்கே சாதாரண உடையில் போய்ச் சாப்பிடலாம். அதாவது, உடுத்திக்கொள்ளப் பிடிக்காவிட்டால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

எந்தக் கப்பல் என்பதைப் பொறுத்துக் கண்டிப்பு மாறும். க்யூனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் ‘காலா’ மாலை (gala, ஃபார்மல் நைட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) என்றால் மெய்யாகவே காலா மாலைதான். ஆண்கள் டக்ஸீடோ எனும் வில் டை கட்டிய விருந்து சூட்டிலோ, டை கட்டிய அடர்நிற சூட்டிலோ வர வேண்டும். அதற்கு நேர் எதிர், நார்வீஜியன் நிறுவனம். ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயர் வைத்து, உடுத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். மற்றவை இந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே ஆண்களுக்குக் கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை, முழுக்கை சட்டை, ஒரு கோட் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும்தான் கூடாதவை. மும்பையிலிருந்தே கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் கிளம்பும் குறுகிய பயணங்களுக்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம்.

க்யூனார்டின் விதியிலேயே இன்னொரு வரியும் உண்டு: அவரவர் நாட்டின் முறையான தேசிய உடையும் ஏற்றுக்கொள்ளப்படும். நம்மவர்கள் பலர் இந்த வரியைப் படிக்காமலேயே துணிக்கடைக்கு ஓடுகிறார்கள். பட்டுப்புடவையைக் குறைத்துப் பேச எந்தக் கப்பலிலும் ஆள் இல்லை. ஆணுக்கு பந்த்கலா எனும் மூடிய கழுத்துக் கோட் இருந்தால் டை என்ற தொல்லையே கிடையாது. கழுத்துவரை பொத்தான் போட்டால் ஆயிற்று. மகன் கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்று இருக்குமே, வயிறு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டக்ஸீடோவுக்கு இடுப்பில் கட்டுகிறார்களே அகலமான பட்டை, அதை ஆங்கிலத்தில் சொல்லும் பெயர் நம் ஊர் ‘கமர்பந்த்’தான். பாரசீகச் சொல், இடுப்புக் கட்டு என்று பொருள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கிருந்து எடுத்துப்போனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கணவருக்கு வந்த துணிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது பயணம், உங்களுடையதைப் போலவே, பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு. இந்த முறை வேட்டிதான் என்று முடிவு செய்தார். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? அதே ஆண்டு, வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டம் மத்தியதரைக் கடலில் செல்லாது என்பதால், டிக்கெட் எடுத்த முகவர் மூலமாகக் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்தோம். தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது. நீங்களும் கேட்டுவிடுங்கள், அந்தப் பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாராவி 90 அடி சாலையில் எங்களுக்கு வழக்கமான தையல்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். “அக்கா, கடல் காற்றில் வேட்டி கொடி மாதிரி பறக்கும். அண்ணனை அகலமான பெல்ட் போடச் சொல்லுங்கள். உள்ளே பை வைத்த அரைக்கால்சட்டை ஒன்று தைத்துத் தருகிறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குப் பை எங்கே?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், காபிக்குக் கணக்கு எழுதுவதும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறுவதற்கும் அதுதான். சிங்கப்பூர்ப் பயணத்தில் அதை நான் இரண்டு முறை மேசையிலேயே விட்டு வந்திருக்கிறேன். அவர் என் உள்பாவாடையின் இடுப்பருகே ஒரு சிறு பை வைத்துத் தைத்தார். கூலி அறுபது ரூபாய். இரண்டு பயணங்களிலும் உடைக்காக நாங்கள் செய்த செலவில் உருப்படியானது இது ஒன்றுதான்.

புடவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனமான ஜரிகை போட்ட காஞ்சிபுரத்தை வீட்டிலேயே விடுங்கள். மடிப்புக் கலையும், பெட்டியில் எடை கூடும், மூன்று தளம் படியேறினால் மூச்சும் வாங்கும். ஃபார்மல் நைட் அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்குவதால் லிஃப்டுக்குப் பெருங்கூட்டம் நிற்கும், ஏறி இறங்கத்தான் வேண்டியிருக்கும். மைசூர் சில்க் உத்தமம். உருண்டு திரண்டு வந்தாலும் உதறினால் சரியாகிவிடும். மெல்லிய சாஃப்ட் சில்க்கும் நன்றாக இருக்கும். டசரை நம்பாதீர்கள், கசங்கிப்போகும். இரண்டு ஃபார்மல் நைட்டுக்கும் ஒரே புடவை, இரண்டு ரவிக்கை என்று எடுத்துப்போனால் போதும். கப்பலில் உங்களை யாரும் கணக்கு வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை, மாட்டுங்கா கல்யாண மண்டபம் அல்ல அது. முந்தானையை மடித்துப் பின் குத்திவிடுங்கள். காற்றில் விட்டால் பக்கத்து நாற்காலிக்காரரின் தட்டுக்குப் போய்விடும்.

கசங்கிய துணியைக் குளியலறையில் மாட்டி, சுடுநீரைத் திறந்துவிட்டு ஆவியில் நீவும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். கம்பளிக் கோட்டுக்கு அது சரி. பட்டுக்குச் செய்யாதீர்கள், நீர்க்கறை விழும். பழைய பருத்தி வேட்டியில் புடவையைச் சுருட்டிப் பெட்டியில் மேலாக வையுங்கள், கசங்காது.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப்போகவே கூடாது. நான் எடுத்துப்போனேன். துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். கணவருடைய பெட்டி வந்தது, என்னுடையது வரவில்லை. இரவு எட்டு மணிக்குக் கீழ்த்தளத்துப் பாதுகாப்பு அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே குற்றவாளிகள் வரிசை ஒன்று நின்றிருந்தது. எனக்கு முன்னால் ஒரு குஜராத்தி அம்மா, கையில் மின்சாரக் கெட்டிலோடு. கப்பலில் நெருப்புதான் பெரிய பயம், அதனால் சூடேறும் சாதனம் எதையும் அறையில் வைக்க விடமாட்டார்கள். சீட்டுக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் காலையில் திருப்பித் தந்தார்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கான சலவை அறையில் இஸ்திரி இருக்கும். இல்லாத கப்பலில் காசு கொடுத்தால் தேய்த்துத் தருவார்கள். இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: முதல் நாள் மாலைக்கு வேண்டிய உடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவில் ஃபார்மல் நைட் வைக்காததற்குப் பெட்டி தாமதமாக வருவதும் ஒரு காரணம்.

செருப்புக்குக் குதிகால் தட்டையாக இருக்கட்டும். கப்பல் லேசாக ஆடும்போது உயரக் குதிகாலில் நடப்பது வித்தை காட்டுவது போல. வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளில் வாசற்படி உயரமாக இருக்கும், கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துத் தாண்டுங்கள். நாடக அரங்கில் குளிர்சாதனம் உறைய வைக்கும், ஒரு சால்வை வேண்டும். நகை கவரிங்கே போதும். அறையில் சிறு பெட்டகம் உண்டு, ஆனாலும் எதற்கு வீண் கவலை?

வேட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது ஃபார்மல் நைட் அன்று பட்டு வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம், கறுப்புத் தோல் செருப்பு. உணவுக்கூட வாசலில் நின்ற தலைமைப் பரிசாரகர் கோவாக்காரர். மேலும் கீழும் பார்த்தார். என் கணவர் முகவரின் கடிதத்தைத் தேடிக் கைபேசியை எடுக்கப் போனார். அவரோ, “கல்யாணம் யாருக்கு சார்?” என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, எங்களை ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போனார். அங்கவஸ்திரம் ஒரு முறை சூப்பில் நனையப் பார்த்தது, அவ்வளவுதான்.

கடைசி இரவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மறுநாள் இறங்க வேண்டும் என்பதால், அன்று இரவே பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அது துறைமுகத்தில்தான் கிடைக்கும். மறுநாள் உடுத்தும் துணியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை என் கணவர் மறந்துபோனார். கால்சட்டைகள் அனைத்தும் பெட்டிக்குள், பெட்டி எங்கோ கீழ்த்தளத்தில். தனியாகத் தொங்கவிட்டிருந்த பட்டு வேட்டி ஒன்றுதான் மிச்சம். பார்சிலோனா துறைமுகத்தில் அவர் இறங்கியது அதில்தான், காலில் ஓட்டப்பயிற்சிக் காலணியோடு.