தொழிற்சங்கப் பதவிக்கு வயது வரம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 61. பணி ஓய்வு பெற்றவன். 60 தாண்டியவர்கள் நிர்வாகிகள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எங்கள் சங்க பைலாவைத் திருத்திவிட்டார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா?

வயதுப் பாகுபாடு என்ற ஒரே வாதத்தை வைத்துப் போனால் சிரமம். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. சங்கம் அரசு அமைப்பும் இல்லை என்பதால் ரிட் மனுவும் எளிதில் எடுபடாது.

அதற்காக விட்டுவிடாதீர்கள். இந்தியச் சட்டம் நிர்வாகிக்கு 18 என்ற கீழ்வரம்பை மட்டுமே விதிக்கிறது. மேல்வரம்பு கிடையாது. நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரை ‘வெளியாள்’ (அங்கே வேலை பார்க்காதவர்; நிர்வாகிகளில் இவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு) கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தொழிற்சங்கச் சட்டத்தின் 2001ஆம் ஆண்டுத் திருத்தமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, உங்களைத் தடுப்பது அந்த பைலா ஒன்றுதான். அது முறைப்படி திருத்தப்பட்டதா என்று பாருங்கள். பொதுக்குழு நோட்டீஸில் இந்தத் திருத்தம் இருந்ததா? கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா? பைலா கேட்கும் பெரும்பான்மை கிடைத்ததா? பதிவாளருக்கு அனுப்பினார்களா? மினிட்ஸ் நகலை இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் கொள்கையைவிட நடைமுறைக் கோளாறுதான் கைகொடுக்கும்.

கேள்வி: சங்கத் தேர்தல் தகராறை எங்கே கொண்டுபோவது?

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிற்சங்கச் சட்டத்துக்குப் பதிலாக, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. நிர்வாகிகள் தேர்தல் குறித்து உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தால் தொழில் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். உயர் நீதிமன்றம் தவிர வேறு சிவில் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது.

கேள்வி: டென்மார்க்கில் ஒரு சங்கத் தலைவர் இதே விஷயத்தில் ஜெயித்தாராமே?

பாதி உண்மை. எச்.கே. என்ற பெரிய சங்கத்தின் தனியார் துறைப் பிரிவில், தேர்தல் நாளில் 60 வயதை (2005க்குப் பிறகு மீண்டும் தேர்வாகும் தலைவர் என்றால் 61 வயதை) எட்டியவர் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது என்று விதி. 1993 முதல் அந்தப் பதவியில் இருந்தவர், 2011இல் 63 வயதானதால் போட்டியிட முடியாமல் போனது. பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் டென்மார்க்கின் சமத்துவ வாரியம் அவர் பக்கம் நின்றது. சங்கமோ, ‘இது தேர்ந்தெடுக்கப்படும் அரசியல் பதவி, வேலை அல்ல’ என்று வாதாடியது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 2 அன்று அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர் முழுநேரம் உழைத்தார், மாதச் சம்பளம் வாங்கினார். தேர்தல் வழியாக வந்தார் என்பதால் மட்டும் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை பொருந்தாமல் போகாது என்றது. தொழிலாளர் அமைப்பில் பங்கேற்பதையும் அந்த நெறிமுறை காப்பதால், தேர்தலில் நிற்பதும் அதில் அடங்கும் என்றது. என் பார்வையில் இந்த இரண்டாவது காரணம்தான் கனமானது. ஆனால் நெறிமுறை பொருந்துமா என்பது மட்டுமே அங்கே எழுந்த கேள்வி. வயது வரம்புக்கு நியாயமான காரணம் உண்டா என்பது உள்நாட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டியது.

கேள்வி: பெரியவர்கள் நாற்காலியை விடுவதே இல்லை. வயது வரம்பு இல்லாமல் இளைஞர்கள் எப்படி மேலே வருவது?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. மருந்துதான் தவறு. பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள், ரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்குங்கள், செயற்குழுவில் இளம் தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். இருபது வருடம் ஒரே பதவியில் இருக்கும் 45 வயதுக்காரரை வயது வரம்பு தொடாது. நேற்று முதல்முறையாக நிற்க வந்த 61 வயதுப் பெண்ணைத்தான் தடுக்கும். யார் வேண்டும் என்பதை உறுப்பினர்களின் ஓட்டுக்கே விடுங்கள். அமெரிக்காவில் தொழிலாளர் துறையின் விதியே, சங்கம் குறைந்தபட்ச வயது வைக்கலாம், கட்டாய ஓய்வு வயது வைக்கக் கூடாது என்கிறது.

கேள்வி: 17 வயது அப்ரண்டிஸ் ஒருவரைப் பொருளாளராக்கலாமா?

முடியாது. 18 நிரம்ப வேண்டும். அபாயமற்ற தொழிலில் வேலை பார்ப்பவரானால், அதுவரை உறுப்பினராக இருக்கலாம்.