கொழும்புத் தொடர்மாடிகளின் கட்டடக்கலைத் தரத்தை முகப்பை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

கொழும்பில் புதிதாக எழும் தொடர்மாடிக் கோபுரங்களில் எது தரமான கட்டடக்கலை, எது வெறும் பகட்டு என்பதைச் சாதாரண மனிதர் எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு வாங்கும் எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கட்டடக் கலைஞன் அல்லன். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒன்பதாம் மாடி வீடொன்றில் அம்மாவோடு ஆறு வருடம் இருந்தவன் என்பதே என் தகுதி.

அந்த வீட்டைக் கடலுக்காகவே வாங்கினோம். கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது என்பது தெரியாத விடயமல்ல. ஆனால் கடலைப் பார்த்த சுவர் என்றால் பின்னேர வெயிலைப் பார்த்த சுவர் என்பதும், மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை அதே சுவரில்தான் கொண்டுவந்து அறையும் என்பதும் குடிபோன பிறகுதான் உறைத்தது. நமது நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை அளவே வடக்கில் இருப்பதால் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து இறங்குகிறது. அதைச் சிறிய கூரை நீட்டமே மறைத்துவிடும். மூன்று மணிக்குப் பின் சரிந்து வரும் மேற்கு வெயிலை அது மறைக்காது. அதற்கு ஆழமான பல்கனியோ, செங்குத்தான மறைப்போ, மரஞ்செடியோ வேண்டும். எங்கள் கட்டடத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி மட்டுமே இருந்தது. மழை நாட்களில் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தால் தண்ணீர் உள்ளே வரும். பழந்துவாய்களை உருட்டி அடியில் வைப்போம்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனபோதுதான் அந்தக் கட்டடத்தின் குறை முழுவதும் வெளிப்பட்டது. மின்பிறப்பாக்கி மின்தூக்கிக்கும் பொது விளக்குகளுக்கும் மட்டுமே. கடற்காற்று வாசல்வரை வந்து நின்றது. உள்ளே வர அதற்கு வழியிருந்ததே தவிர வெளியேற வழியில்லை. வீட்டின் மறுபுறம் யன்னல் இல்லாத உள் நடைபாதை. அன்று எங்கள் மாடியில் எல்லோரும் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அம்மா பனையோலை விசிறியோடு நடைபாதைத் தரையில் போய் உட்கார்ந்தார்; அங்கும் காற்றில்லை. குளிரூட்டி நின்றால் வாழ முடியாத வீட்டை, விலை எவ்வளவாக இருந்தாலும், தரமான கட்டடம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குசினியைப் பற்றிச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை. விற்பனைப் படத்தில் பளிங்கு மேசையோடு அழகாக இருந்த அந்தக் குசினிக்கு யன்னல் கிடையாது. யாழ்ப்பாணத்துத் தூளுக்கு அம்மா மிளகாயும் மல்லியும் வறுத்த அன்று மாடி முழுவதும் இருமல். மறுநாள் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. புகை வெளியேற்றும் விசிறிக்குத் துளையிடக் கேட்டோம். வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுவானது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயமாகவே இருக்கலாம். அந்தத் துளையை வரைபடத்திலேயே போட்டிருக்க வேண்டியவர் வடிவமைத்தவர். இந்த நகரத்தில் சமைப்பவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று அவர் ஒரு தடவையேனும் நினைத்திருந்தால் அதைப் போட்டிருப்பார்.

உயரமான கட்டடங்களை வெறுப்பவன் என்று யாரும் என்னை நினைக்க வேண்டாம். பேர வாவிக்கரையில் கட்டடக் கலைஞர் மோஷே சப்டியின் வடிவமைப்பில் எழுந்த அல்டெயர் என்ற தொடர்மாடியில், நிமிர்ந்த கோபுரத்தின் மேல் மற்றொன்று சாய்ந்து நிற்பதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். ராஜகிரியவில் மில்ரோய் பெரேராவின் அலுவலகம் வடிவமைத்த கிளியர்பொயின்ட் தொடர்மாடியில், நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகளைச் சுற்றிச் செடித்தொட்டிகளை வைத்து, சுவரில் படவேண்டிய வெயிலை இலைகளில் விழச் செய்திருக்கிறார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த கட்டடம், இன்று மகாவலிக் கட்டடமாக நிற்பது, பல மாடி அலுவலகத்துக்குள் இயற்கைக் காற்றை ஓடவிட முடியும் என்று அப்போதே காட்டியது. ஆகவே, இங்கே உயரமாகக் கட்டினால் கண்ணாடிப் பெட்டியாகத்தான் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, விற்பனைக்கூடத்தில் முகப்புப் படத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு மாடியின் முழு வரைபடத்தைக் கேட்டு வாங்குவது. வடக்கு எந்தப் பக்கம், காற்று எதனால் நுழைந்து எதனால் வெளியேறுகிறது, நடைபாதைக்குப் பகல் வெளிச்சம் வருகிறதா, குசினிக்கு யன்னல் உண்டா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு பின்னேரம் மூன்றரை மணிக்கு, குளிரூட்டியை நிறுத்தச் சொல்லி, மாதிரி வீட்டுக்குள் அரைமணி நேரம் இருங்கள்.

போன மாதம் நாங்கள் பம்பலப்பிட்டியில் வடக்குப் பார்த்த வீடொன்றைப் பார்த்தோம். கடல் தெரியவில்லை, முகப்பில் சொல்லும்படி எதுவும் இல்லை. நடைபாதையின் இரு முனையிலும் யன்னல் இருந்தது. குசினிக்கு வெளியே துணி காயப்போடும் சிறு பல்கனி இருந்தது. அம்மா அதில் நின்று, இங்கே மிளகாய் காயவைக்க விடுவார்களா என்று கேட்டார். முற்பணம் கொடுத்துவிட்டோம்.