555 நோட்டு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். லெந்து நோன்பு நாட்களில் தொடங்கி ஒவ்வோர் இரவும் என்னைச் சோதித்து, அன்றைய பாவங்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். முதலில் அழுதேன், இப்போது அழுகை வருவதில்லை. போன வாரம் சபையில் சாட்சி சொன்னபோது இந்தப் பழக்கத்தைப் பற்றியும் பேசினேன். பலர் வந்து கைகொடுத்தார்கள். வீடு திரும்பும்போது எல்ஆர்டி ரயிலில், 'இவர்களில் யாரும் என்னைப்போலத் தங்களைச் சோதிப்பதில்லை' என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அன்றிரவு 'ஆவிக்குரிய பெருமை' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அதையும் கண்டுபிடித்துவிட்டேனே என்று ஒரு சந்தோஷம்! இயேசுவின் உவமையில் வரும் ஆயக்காரனை, அந்த வரி வசூலிப்பவனைப்போல மார்பில் அடித்துக்கொண்டே, தன்னை நீதிமான் என்று மெச்சிக்கொண்ட பரிசேயன் ஆகிவிட்டேனா நான்? நோட்டை நிறுத்திவிடலாமா?

த., செந்தூல்

அன்புள்ள த.,

நிறுத்த வேண்டாம். இன்றிரவு எழுதும் முன் பழைய பக்கங்களைப் புரட்டி, அவற்றில் எத்தனை மனிதர்களின் பெயர் இருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. பெருமை, பொறாமை, கோபம், ஜெபக்குறைவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆள் பெயர் ஒன்றுகூட இருக்காது. நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 நோட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும், சட்டைப் பையில் அடங்குகிற அளவு. யார், என்றைக்கு, எத்தனை வெள்ளி என்று எழுதுவார்கள். வெறுமனே 'கடன்' என்று மட்டும் எழுதிவைத்தால் கடைக்காரர் யாரிடம் போய் நிற்பார்? பரமண்டல ஜெபத்திலும் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்றுதான் தினமும் சொல்கிறோம். யாருக்குப் பட்ட கடன் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1505இல் மடத்தில் சேர்ந்த பிறகு மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர். எழுந்து போனபின் இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது என்று திரும்பி வருவார். அவருடைய ஆன்ம வழிகாட்டியாக இருந்த ஸ்டௌபிட்ஸ் பொறுமை இழந்து, இந்தப் பொம்மைப் பாவங்களை விட்டுவிட்டு உண்மையான பாவத்தோடு வா என்ற கருத்தில் கடிந்துகொண்டதாக லூத்தரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொம்மைப் பாவம்! இந்தச் சொல்லைப் படித்த அன்று என் நோட்டைத் திறக்கவே கூசியது.

பரிசேயனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவனும் தன்னைச் சோதித்தவன்தான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் என்று கணக்கைச் சரியாகவே வைத்திருந்தான். பொய் சொன்னான் என்று இயேசு சொல்லவில்லை. ஆனால் அவன் 'தனக்குள்ளே' ஜெபித்தான் என்கிறது லூக்கா சுவிசேஷம். உங்கள் நோட்டும் என் நோட்டும் அந்தத் 'தனக்குள்ளே'யில்தான் சிக்கிக்கொண்டன. அடுத்த அதிகாரத்திலேயே சகேயு வருகிறான், ஆயக்காரருக்குத் தலைவன். 'நான் பேராசைக்காரன்' என்று அவன் புலம்பவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று தொகை சொல்கிறான். திருடிய ஆட்டை அடித்தோ விற்றோ விட்டால் ஒன்றுக்கு நாலு ஆடு கொடு என்பது யாத்திராகமச் சட்டம். அதன்படியே தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

பெருமையைக் கண்டுபிடித்த பெருமை, அதைக் கண்டுபிடித்த பெருமை என்று தோண்டிக்கொண்டே போகாதீர்கள். 'நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறதில்லை' என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதி அந்த வேலையைக் கர்த்தரிடம் விட்டுவிட்டார். நமக்கும் அவ்வளவு போதும்.

ஒரு வருஷம் எங்கள் சபைக் கிறிஸ்துமஸ் நாடகத்தை ஒரு வாலிபப் பெண் எழுதினாள். நான் நாலைந்து வரிகளைத் திருத்தினேன், அவ்வளவுதான். நாடகம் முடிந்து தேநீர் நேரத்தில் மூப்பர் ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்கள் எழுத்தே தனி" என்றார். அவள் இரண்டடி தள்ளி நின்று தட்டில் கேக் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்து, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றேன். எவ்வளவு தாழ்மையான வாக்கியம்! அதைக்கொண்டே அவளிடமிருந்து திருடினேன். அன்றிரவு நோட்டில் 'பெருமை' என்று எழுதி, முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தேன். மூன்று வாரம் அப்படியே போயிற்று. அந்த மூன்று ஞாயிறும் ஆராதனையில் அவளுக்குப் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெயரை எழுத ஆரம்பித்தால் நோட்டைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது ஞாயிறு வாசலில் அவளை நிறுத்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "தெரியும் அண்ணன், நான் பக்கத்தில்தானே நின்றேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "மூப்பரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.