ஆட்டுக்குப் போடும் ஊசிக்குச் சினைக் குதிரையின் ரத்தமா?

கேள்வி: கன்னி இனத்தில் நாற்பது ஆடுகள் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே சமயத்தில் குட்டி போட்டால் விற்கத் தோதாக இருக்குமே என்று, ஆட்டின் பிறப்புறுப்பில் ஸ்பாஞ்ச் (ஹார்மோன் ஏற்றிய பஞ்சு) வைத்து, பருவத்துக்கு வரச் செய்யும் பி.எம்.எஸ்.ஜி. ஊசி போடுவது பற்றி விசாரித்தேன். அது சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது என்று மகன் போனில் எதையோ காட்டுகிறான். உண்மையா? குதிரைக்கு என்ன ஆகும்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அந்த நான்கு எழுத்தில் முதல் மூன்றும் சினை, குதிரை, சீரம் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) என்பதன் சுருக்கமே; நான்காவது, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் குறிப்பது. யாரும் விரித்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குதிரை சினையாகி 40 நாள் வாக்கில் கருப்பையின் உள்சுவரில் கிண்ணம் போலச் சிறு புடைப்புகள் தோன்றும். இந்த ஹார்மோன் அவற்றில்தான் சுரக்கிறது. 120 நாள் சுமாருக்குத் தாயின் நோயெதிர்ப்புச் செல்களே அவற்றை அழித்துவிடும். ஹார்மோன் சிறுநீரில் பெரிதாக இறங்காது, ரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால் கழுத்து ரத்தக்குழாயில் தடித்த ஊசியைச் செருகி ரத்தமாகவே எடுக்கிறார்கள். அர்ஜென்டினா, உருகுவே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் இது ஒரு தொழில்.

ஐஸ்லாந்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு தடவைக்கு 5 லிட்டர், வாரம் ஒரு முறை, ஒரு பருவத்தில் 8 முறை வரை. அங்கே குதிரைகள் சிறியவை, 350 கிலோ இருக்கும். உடம்பில் மொத்த ரத்தமே 26 முதல் 35 லிட்டர்தான். அதாவது ஒவ்வொரு வாரமும் ஏழில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை போகிறது. நாம் ரத்ததானம் செய்தால் 350 மில்லி கொடுத்துவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். ஆய்வுக்கூட விலங்குகளுக்கே ஒரே தடவையில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பதுதான் பொதுவான வழிகாட்டுதல்.

ரத்தம் எடுத்ததும் நாடி வேகமாகும், தளர்ச்சி வரும். போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணு அப்படி அல்ல, வாரக்கணக்காகும். 5 லிட்டரோடு ஏறத்தாழ 2 கிராம் இரும்புச்சத்தும், கூடவே புரதமும் போகிறது. வயிற்றில் ஒரு கரு, பெரும்பாலும் மடியில் பால் குடிக்கும் ஒரு குட்டி, இரண்டுக்கும் அதே உடம்பிலிருந்துதான் போக வேண்டும். குடற்புழு ரத்தம் உறிஞ்சிய ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பீர்களே, உள்ளே வெளுத்திருக்குமே, அதே சோகைதான் இங்கே ஈறில் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குதிரை சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணீரலில் சேர்த்து வைத்திருக்கும்; மிரண்டால் அதை ரத்தத்தில் கொட்டிவிடும். மனிதக் கை அதிகம் படாமல் மேய்ச்சலில் திரிந்த குதிரையைச் குறுகிய கூண்டில் அடைத்து, தலையைத் தூக்கிக் கட்டிய நேரத்தில் பரிசோதனை செய்தால், எண்ணிக்கை நன்றாகவே இருப்பது போலத் தெரியும். அந்தச் சீட்டை வைத்து குதிரை நலமாக இருக்கிறது என்பவர்களை நான் நம்பமாட்டேன்.

ஒரே ரத்தக்குழாயில் திரும்பத் திரும்பக் குத்துவதால் வீக்கம், ரத்தக்கட்டு, குழாய் அடைப்பு வரலாம். உதறித் திமிறுவதில் அடிபடுவது தனி. 2021-ல் ஐஸ்லாந்தில் ரகசியமாக எடுத்த படங்கள் வெளிவந்த பிறகுதான் ஊர் உலகம் பேசியது. அடுத்த ஆண்டு அங்கே விதிகளைக் கடுமையாக்கினார்கள். தென் அமெரிக்கப் பண்ணைகளில், மறுபடி சினைப்படுத்துவதற்காகக் கருவைக் கலைப்பதாகவும் விலங்குநல அமைப்புகள் குற்றம் சாட்டியிருக்கின்றன.

சரி, உங்கள் ஆட்டுக்கு வருவோம். குளிர்நாட்டு ஆடுகளைப் பருவம் தவறிச் சினையாக்க இந்த ஊசி தேவைப்படலாம். நம் கன்னி ஆடு வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும், அதற்கு இது அவசியமே இல்லை. அடிக்கடி போட்டால் ஆட்டின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அப்புறம் சினை பிடிப்பதும் குறையும். குதிரை ரத்தம் இல்லாமல் ஆய்வகத்தில் தயாராகும் வகையும் வந்திருக்கிறது, ஆனால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கிடாயைப் பார்வைக்கும் வாடைக்கும் எட்டாத தூரத்தில் ஒரு மாதம் பிரித்து வையுங்கள். சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆடு ஒன்றுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள், திடீரென்று அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு கிடாயை விட்டால் பெரும்பாலான ஆடுகள் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வந்துவிடும். நாற்பதுக்கு ஒரு கிடாய் போதாது, இரண்டு வேண்டும். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் 10, 11 நாள் இடைவெளியில் பருவத்தைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி இரண்டு போடலாம், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. ஏற்கெனவே சினையாக இருக்கும் ஆட்டுக்கு அதைப் போட்டால் கரு கலைந்துவிடும், அதனால் முதலில் சினை பார்த்துவிடச் சொல்லுங்கள்.