மார்சியானோவையும் ஃபியூரியையும் மோதவிட்டால் தீர்ப்பு யாருக்கு?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் எங்கள் ஜிம்மில் ஒரு கற்பனைப் போட்டி. வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களைச் சீட்டு எடுத்து ஜோடி சேர்ப்போம். இரு தரப்பும் வாதாடும், நான் தீர்ப்பு சொல்ல வேண்டும். “அந்தக் காலத்து ஆள் உறுதி”, “இந்தக் காலத்து ஆள் மலை மாதிரி” என்பதைத் தாண்டி வாதம் நகர்வதே இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: உங்கள் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அதே எடைப் பிரிவில் யார் எந்த வருடம் தூக்கியிருந்தாலும் அந்த எண்ணோடு ஒப்பிடலாம். குத்துச்சண்டையில் அப்படி ஓர் எண் கிடையாது. எதிரே நிற்பவர் திருப்பி அடிப்பார். போதாததற்கு ஹெவிவெயிட்டில் எடைக்கு மேல்வரம்பே இல்லை. அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன் விதியைப் பாருங்கள். எந்தக் காலத்து விதியில் மோதுகிறார்கள் என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1982-இல் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து படிப்படியாக 12-க்கு இறங்கின. இப்போது 1941-க்குப் போங்கள். சாம்பியன் ஜோ லூயிஸைவிட எடை குறைந்த பில்லி கான், 12 ரவுண்டு முடிந்தபோது பாயின்ட்டில் அவரை முந்திக்கொண்டிருந்தார். 13-ஆவது ரவுண்டில் லூயிஸ் கானை வீழ்த்தினார். 1952-இல் ராக்கி மார்சியானோ பட்டம் வென்றதும் இப்படித்தான். ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பாயின்ட்டில் பின்தங்கியிருந்தவர், 13-ஆவது ரவுண்டில் ஒரே வலக்கை அடியில் கதையை முடித்தார். இன்றைய 12 ரவுண்டு விதி அன்று இருந்திருந்தால் அந்த இரண்டு இரவுகளிலும் லூயிஸுக்கும் மார்சியானோவுக்கும் தோல்விதான். மார்சியானோவின் புகழ்பெற்ற 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற கணக்கே நமக்குக் கிடைத்திருக்காது.

நடுவரும் விதியில் சேர்த்திதான். 1919-இல் ஜாக் டெம்ப்சி முதல் ரவுண்டிலேயே ஜெஸ் வில்லார்டை ஏழு முறை கீழே தள்ளினார். விழுந்தவர் எழும்வரை பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடிக்க அப்போது தடை இல்லை. இன்று இருவருக்கும் சொந்தமில்லாத பொது மூலைக்குப் போய் நிற்க வேண்டும். டெம்ப்சிக்கு வாதாடுபவர் வில்லார்டின் ஆறரை அடி உயரத்தைக் காட்டினால், இதையும் வில்லார்டுக்கு அப்போது வயது 37 என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

சரி, உருவத்துக்கு வருவோம். மார்சியானோ சுமார் 85 கிலோ, உயரம் ஐந்தடி பத்து அங்குலத்தை ஒட்டி. இன்று அவர் ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவான க்ரூசர்வெயிட்டில் ஆடுவார். இந்தக் காலத்து ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரி, இடக்கையை நீட்டி அடிக்கும் நேர்க்குத்தான ஜாபால் அவரைத் தள்ளிவைப்பார். நெருங்கினால் கட்டிப்பிடித்து முழு எடையையும் கழுத்தில் சாய்ப்பார். 30 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருப்பவரை ரவுண்டுக்கு ரவுண்டு சுமந்தால் கால் செத்துவிடும். மார்சியானோவின் நெஞ்சுரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் 15 ரவுண்டு கொடுத்தால்கூட என் தீர்ப்பு ஃபியூரிக்குத்தான்.

அதற்காக எடை கூடினால் வெற்றி என்று ஆகிவிடாது. 2009-இல் டேவிட் ஹேய் தன்னைவிட சுமார் 45 கிலோ கூடுதலான, ஏழடி நிகோலாய் வாலுயேவைப் பாயின்ட்டில் வென்றார். 2024-இல் சுமார் 101 கிலோ ஒலெக்ஸாண்டர் உசிக், 119 கிலோ ஃபியூரியை வென்றார்; அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் வென்றார். உசிக்கின் உயரம் ஆறடி மூன்று, கைவீச்சு 78 அங்குலம். முகமது அலிக்கும் அதே அளவுகள்தான். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்தபோது அலி ஏறக்குறைய 98 கிலோ. அந்த உடம்பும் அந்தக் காலும் இன்றைய ராட்சதர்களுக்குப் போதும் என்பதற்கு உசிக் நடமாடும் சாட்சி. அலியா ஃபியூரியா என்றால் யோசிக்காமல் அலி என்பேன்.

இரண்டு காலங்கள் நிஜத்திலேயே மோதியதும் உண்டு. அலியிடம் தோற்ற அதே ஃபோர்மன், 1994-இல் 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் நாக் அவுட் செய்து பட்டத்தைப் பறித்தார். அவர் கால் மெதுவாகிவிட்டது, அடி குறையவில்லை. அடியின் கனம் காலம் தாண்டும் என்று யாராவது வாதாடினால் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

கம்ப்யூட்டரிடம் கேட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 1967-இல் அமெரிக்க வானொலிக்காக நடத்திய கணினிப் போட்டியில் அலி, ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி வழக்கே போட்டார்.

ஜோ லூயிஸ் சீட்டு வந்தால்தான் உங்களுக்குச் சிரமம். 90 கிலோவை ஒட்டிய உடம்பு, ஆனால் அந்தக் குட்டைக் குத்துகளின் வேகமும் துல்லியமும் இன்றும் அபூர்வம். எதிரே ஃபியூரி என்றால் 12 ரவுண்டில் ஃபியூரிக்கும், 15 ரவுண்டில் லூயிஸுக்கும் கொடுங்கள்.