காத்திருக்கும் தேதிக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: நான் மதுரையில் பிறந்தவன், நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். முதல் நிறுவனம் 2015 மே மாதம் எனக்காகப் பெர்ம் (அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை தரும் சான்று) விண்ணப்பம் போட்டது. அதன் பேரில் நிறுவனம் எனக்காகப் போடும் குடியேற்ற மனுவான ஐ-140 2016 பிப்ரவரியில் போய், அந்த ஆண்டே ஒப்புதலும் வந்துவிட்டது. 2021-இல் நிறுவனம் மாறினேன்; புதியவர்களும் இ.பி.-2 (உயர்பட்டம் பெற்றவர்களுக்கான வேலைவாய்ப்புப் பிரிவு) பிரிவிலேயே ஐ-140 வாங்கித் தந்தார்கள். இப்போது ஓர் ஆலோசனை நிலையம், 1,200 டாலர் கட்டினால் கிரீன் கார்டுக்கு நான் எந்த மாதம் தகுதி பெறுவேன் என்று கணித்துத் தருவதாகவும், பிரீமியம் முறையில் வரிசையில் முன்னே நகர்த்துவதாகவும் சொல்கிறது. 2021-இலிருந்துதான் என் கணக்கு தொடங்குகிறது என்றும் பயமுறுத்துகிறார்கள். என் மனைவி, எச்-1பி உடையவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். அவர் இலங்கை ஹட்டனில் பிறந்து, தாயகம் திரும்பிய குடும்பத்தோடு கைக்குழந்தையாகக் கோத்தகிரிக்கு வந்தவர். இந்தியக் குடியுரிமை உடையவர். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அவர்கள் விற்பதாகச் சொல்லும் இரண்டில் ஒன்று உங்களிடமே இருக்கிறது. மற்றது யாராலும் விற்க முடியாதது.

முதலில் தேதி. ஐ-140 ஒப்புதலின்போது வந்த ஐ-797 அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பகுதியில் சிறு சிறு கட்டங்களாக மனு பெறப்பட்ட தேதி, வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி, அறிவிப்புத் தேதி ஆகியவை தனித்தனியே அச்சாகியிருக்கும். நம்மவர்களில் பலர் அவசரத்தில் பெறப்பட்ட தேதியையே தம் தேதியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பெர்ம் வழியாகப் போனவர்களுக்கு முன்னுரிமைத் தேதி என்பது தொழிலாளர் துறை அந்தப் பெர்ம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட நாள்தான். ஆகவே உங்கள் கணக்கு 2016 பிப்ரவரியில் அல்ல, 2015 மே மாதத்தில் தொடங்குகிறது. அந்த ஒன்பது மாதம் சிறிய வித்தியாசமல்ல என்பது கீழே தெரியும்.

நிறுவனம் மாறியதால் இந்தத் தேதி போய்விடாது. ஒப்புதலான ஐ-140 மோசடியாலோ, துறையின் பெரும் பிழையாலோ, பெர்ம் சான்று செல்லாமற் போனதாலோ ரத்து செய்யப்பட்டாலன்றி, பழைய தேதி உங்களோடு அடுத்த மனுவுக்கும் வரும். 2021-இல் வந்த அறிவிப்பில் 2015 மே என்றே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய ஒப்புதல் அறிவிப்பின் நகலோடு, நிறுவனத்தின் வழக்கறிஞர் மூலம் திருத்தம் கேளுங்கள்.

பிரீமியம் என்ற சொல்லில்தான் ஏமாற்று இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் பெரும்பாலான ஐ-140 மனுக்களைக் குடியேற்றத் துறை 15 வேலை நாட்களுக்குள் எடுத்துப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் மனு சீக்கிரம் ஒப்புதலாவதால் முன்னுரிமைத் தேதி ஒரு நாள்கூட நகராது. ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடித்தவருக்கு, அட்டையை விரைவாகச் சரிபார்த்துக் கொடுத்தாலும் பை இருக்கும் இடம் மாறுமா? அதிலும் உங்களுக்கு இரண்டு ஐ-140 ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்ட நிலையில், இனி எதற்குப் பிரீமியம் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, மாதத்தைக் கணிப்பது. வேலைவாய்ப்பு வழியிலான குடியேற்ற விசாக்களுக்கு அமெரிக்கா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்களை ஒதுக்குகிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் மிஞ்சும் இடங்கள் கிடைத்தால்தான் இந்திய வரிசை இந்த அளவைத் தாண்டி நகரும். அந்த மிச்சம் எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், வெளியுறவுத் துறை மாதந்தோறும் இலவசமாக வெளியிடும் விசா புல்லட்டினில், எந்த முன்னுரிமைத் தேதிக்கு முந்தையவர்களுக்கு இடம் உண்டு என்று காட்டும் தேதி முன்னேறுவதும் உண்டு, பின்வாங்குவதும் உண்டு. இந்திய இ.பி.-2 தேதி 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் 1 ஆக இருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1-க்குச் சரிந்தது. 2025 ஜூலைப் புல்லட்டினில் அது 2013 ஜனவரி 1 ஆக இருந்தது. அதாவது 33 மாதங்களில் ஒன்பதே மாதம் நகர்ந்திருக்கிறது; இடையில் அதைவிடவும் பின்னால் போய்த் திரும்பியது. இதே வேகம் என்று வைத்துக்கொண்டால் அங்கிருந்து உங்கள் 2015 மே வரை மீதமிருந்த 28 மாதத்தைக் கடக்க எட்டரை ஆண்டு ஆகும். ஐந்து நிமிடத்தில் நானும் நீங்களும் போடக்கூடிய இந்தக் கணக்கைத்தான் 1,200 டாலருக்கு விற்கிறார்கள்; அதை நம்பி வீடு வாங்குவதையோ தள்ளிப்போடுவதையோ முடிவு செய்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதிய பிறகு, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். உங்களிடம் பணம் கேட்டவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த நாட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குடியுரிமை அல்ல, பிறந்த இடம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது, முதன்மை விண்ணப்பதாரர் தம் துணைவர் பிறந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மனைவி ஹட்டனில் பிறந்தவர் என்பதால், அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், நீங்கள் இருவரும் இலங்கைக்குரிய ‘ஏனைய நாடுகள்’ வரிசையில் நிற்கலாம். 2025 ஜூலையில் அந்த வரிசையிலும் இ.பி.-2 பிரிவுக்கு வரம்புத் தேதி இருந்தது என்றாலும், அது 2023-இல் நின்றது. 2015 மே அதற்கு வெகு முந்தையது. சுருங்கச் சொன்னால், எட்டரை ஆண்டு கழித்து அல்ல, பல ஆண்டுகளுக்கு முன்பே நீங்கள் ஐ-485 (கிரீன் கார்டுக்கான விண்ணப்பம்) போட்டிருக்கலாம். (பெற்றோர் பிறந்த நாட்டைப் பிள்ளைகள் பயன்படுத்தலாம், அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த பிள்ளையைக் காட்டிப் பெற்றோர் பயன் பெற முடியாது.)

இதற்கு வேண்டியது பிறப்புச் சான்று. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்த சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் வந்த குடும்பங்களில் பல, கப்பல் ஏறும்போது எல்லாக் காகிதங்களையும் கொண்டுவரவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த ஊரைக் கோத்தகிரி என்றே எழுதிவிட்டவர்களும் உண்டு. ஆகவே மனைவியின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்னவென்று அச்சாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பிறகு இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மூலம் அவரது பிறப்புப் பதிவின் சான்றிட்ட பிரதியைப் பெறுங்கள். தந்தையார் பெயரின் எழுத்துக்கூட்டல் இரண்டு நாட்டு ஆவணங்களிலும் வேறுபட்டால், அதை விளக்கும் உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்படும். செலவு செய்வதாக இருந்தால், உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த ஒரு விஷயத்துக்காகச் செலவு செய்யுங்கள். வழக்கறிஞராகவோ, அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியாகவோ இல்லாத ‘ஆலோசகர்’ அங்கே சட்ட ஆலோசனை தரவே கூடாது.

கேள்வி: என் நிறுவனம் பெர்ம் செலவு என்று மாதந்தோறும் சம்பளத்தில் 300 டாலர் பிடிக்கிறது. இரண்டாண்டுக்குள் விலகினால் மீதியைக் கட்டுவதாகக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. இது முறையா? (ஆஸ்டின் வாசகி)

பதில்: முறையல்ல. 2007 ஜூலை 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் துறை விதியின்படி, பெர்ம் சான்றுக்காக நிறுவனம் செய்யும் விளம்பரச் செலவையும் அதன் வழக்கறிஞர் கட்டணத்தையும் ஊழியரிடமிருந்து எந்த வடிவத்திலும் வசூலிக்கக் கூடாது. சம்பளப் பிடித்தமும் அதில் அடங்கும். ஐ-485 கட்டணத்தை ஊழியரே கட்டுவதில் தவறில்லை என்பதால், சில நிறுவனங்கள் எல்லாவற்றையும் ‘கிரீன் கார்டு செலவு’ என்று ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. எந்தப் படிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுமாறு மின்னஞ்சலில் கேளுங்கள்; வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் கையெழுத்திட்ட தாளின் நகலையும் வீட்டில் பத்திரப்படுத்திய பிறகு கேட்பது நல்லது.

கேள்வி: இந்திய இ.பி.-2 வரிசையில் என் முன்னுரிமைத் தேதி 2013 ஜனவரி 1. 2025 ஜூலைப் புல்லட்டினிலும் அதே தேதி இருந்தது. அந்த மாதம் எனக்குத் தகுதி இருந்ததா?

பதில்: இல்லை. புல்லட்டினில் உள்ள தேதிக்கு முந்தைய தேதி உள்ளவர்களுக்கே இடம். அதே தேதி உள்ளவர் வெளியேதான் நிற்க வேண்டும். 2012 டிசம்பர் 31 என்றிருந்தால் உள்ளே போயிருப்பீர்கள். மருத்துவப் பரிசோதனை தவிர்த்த மற்ற ஆவணங்களை இப்போதே கோப்பாக்கி வைத்துக்கொண்டு, அடுத்த புல்லட்டின் வரும்போது, விண்ணப்பிப்பதற்கு அதிலுள்ள இரண்டு அட்டவணைகளில் (ஒன்று கார்டு வழங்கும் தேதி, மற்றது விண்ணப்பம் போடும் தேதி) எதைக் குடியேற்றத் துறை அந்த மாதத்துக்கு அறிவிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.